தெருக்கூத்தைப் பல கேமராக்களால் பதிவுசெய்தல்: ஒரு பதிப்பியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

வடதமிழகத்துத் தெருக்கூத்து, மூன்று புறமும் பார்வையாளர் சூழ இரவு முழுதும் நிகழ்த்தப்படும் கலையாகும். ஒரே கேமரா அதனை முழுமையாகக் காட்டாது என்பதால் பல கேமராக்களைக் கொண்டு பதிவுசெய்யும் முறையை ஆய்வாளர் நாடுகின்றனர். ஆயினும், அப்பதிவுகளிலிருந்து தொகுத்து எடுக்கப்படும் ஒற்றைக் காணொலியே பின்னர் மூலச்சான்றாக எடுத்தாளப்படுகிறது. தனித்தனிக் கேமராப் பதிவுகள் பேணப்படுவதில்லை. தொகுத்த காணொலியை ஒரு பதிப்பாகவும், தனிப் பதிவுகளைச் சுவடிகளாகவும் கொள்ளவேண்டும் என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது. அதற்கு வேண்டிய காலப்பொருத்தம், பதிவேடு, சேமிப்பு, களத்தாரின் இசைவு ஆகியவற்றையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தெருக்கூத்து, பல கேமராப் பதிவு, ஆவணப்படுத்தல், பதிப்பியல், பாடவேறுபாடு, காலப்பொருத்தம்

1. முன்னுரை

நிகழ்த்துகலை ஆய்வில் காட்சிப்பதிவு இன்று தவிர்க்கவியலாத சான்றாகிவிட்டது. முன்னர் ஆய்வாளர் தம் குறிப்பேட்டையும் ஒலிநாடாவையும் நம்பிக் கூத்தைப் பற்றி எழுதினர். இன்று ஒரு பாத்திரத்தின் அடவு, பாடலின் தாளம், பார்வையாளரின் எதிர்வினை ஆகியன பற்றிய கருத்துகள் காணொலியை ஆதாரமாகக் கொண்டே முன்வைக்கப்படுகின்றன. எனவே, அக்காணொலி எவ்வாறு உருவாயிற்று என்பது ஆய்வு நெறியைச் சார்ந்த வினாவாகிறது.

ஒரு சங்கப் பாடலை எடுத்தாளும் ஆய்வாளர், அது யாருடைய பதிப்பு, எந்த ஆண்டுப் பதிப்பு என்பதைக் குறிப்பிடுகிறார். பாடவேறுபாடு உள்ள இடமாயின் அதனையும் சுட்டுகிறார். அதே ஆய்வாளர் கூத்துக் காணொலியை எடுத்தாளும்போது, நிகழ்வையே நேரில் காட்டுவதுபோல அதனைக் கையாள்வதைக் காண்கிறோம். எத்தனை கேமராக்கள் இருந்தன, அவற்றுள் எதன் பதிவு திரையில் தெரிகிறது, எங்கே வெட்டி ஒட்டப்பட்டது என்பன குறிக்கப்படுவதில்லை. எழுத்துச் சான்றுக்கு நாம் விதிக்கும் ஒழுங்கைக் காட்சிச் சான்றுக்கு விதிக்கத் தவறினால், பிழையான முடிவுகள் ஆய்வுலகில் நிலைபெற்றுவிடும். அத்தவற்றைத் தவிர்க்கும் வழியைத் தமிழ்ப் பதிப்பியல் மரபே காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. பல கேமரா முறையின் நோக்கம்

ஒரு நிகழ்வை ஒன்றுக்கு மேற்பட்ட கேமராக்களால் ஒரே நேரத்தில் வெவ்வேறு கோணங்களிலிருந்து பதிவுசெய்வதே பல கேமரா முறை. திரைப்படத்தில் பெரும்பான்மையும் ஒரே கேமராவைக் கொண்டு, ஒரு காட்சியைப் பலமுறை நடிக்கச்செய்து படமாக்குவர். ஆங்கே கோணம் மாறும்போதெல்லாம் நடிப்பும் மீண்டும் நிகழ்கிறது. மீண்டும் நிகழ்த்த இயலாதவற்றைப் படமாக்கும்போதுதான் பல கேமராக்கள் தேவைப்படுகின்றன.

இத்தேவையை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1951 அக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ என்னும் நகைச்சுவைத் தொடர், அரங்கில் அமர்ந்த பார்வையாளர் முன்னிலையில் மூன்று 35 மி.மீ. திரைப்படக் கேமராக்களால் பதிவுசெய்யப்பட்டது. கார்ல் ஃபிராயிண்ட் அதன் ஒளிப்பதிவாளர். பார்வையாளரின் சிரிப்பு முதன்முறை எழுந்ததுபோல் மறுமுறை எழாது என்பதே அம்முறையின் பயனை உணர்த்துகிறது. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா, 1954இல் வெளியான ‘ஏழு சாமுராய்’ படத்தின் மழைப் போர்க்காட்சியைப் பல கேமராக்களால் எடுத்தார். சேறும் மழையும் குதிரைகளும் கலந்த அக்காட்சியை ஒவ்வொரு கோணத்துக்கும் மீண்டும் அமைப்பது அரிது. தமிழகத்தில் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பெற்ற சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் வழியே நிலையக்கூடப் பல கேமரா முறை நம்மிடையே வேர்கொண்டது.

தொலைக்காட்சியின் பல கேமரா முறைக்கு ஓர் இயல்பு உண்டு. பல கேமராக்கள் பார்த்தாலும் வீட்டுத் திரைக்குச் சென்று சேர்வது ஒரே காட்சி. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கணந்தோறும் ஒரு கேமராவைத் தெரிந்தெடுக்கிறார். ஏனையவை அக்கணத்தில் கைவிடப்படுகின்றன. ஒளிபரப்புக்கு இது பொருந்தும். ஆவணத்துக்கு இது பொருந்துமா என்பதே இங்கு ஆராயவேண்டியது.

3. கூத்துக்களமும் ஒற்றைக் கேமராவின் எல்லையும்

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில் விழாக்களை ஒட்டித் தெருக்கூத்து நிகழ்த்தப்படுகிறது. பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக விழா நடைபெறும். இக்கலையைக் கட்டைக்கூத்து என்றும் வழங்குவர். அப்பெயரைத் தாங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் காஞ்சிபுரம் பகுதியில் கூத்துக் கலைஞர்களால் நிறுவப்பெற்றது. ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல் வெளியிட்ட நூலும், ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்ட திரௌபதி வழிபாடு குறித்த ஆய்வும் இக்கலையை உலக ஆய்வாளரின் கவனத்துக்குக் கொண்டுசென்றன.

கூத்துக்களத்தின் அமைப்பு ஒற்றைக் கேமராவுக்கு இணங்குவதாக இல்லை. களத்தின் பின்புறத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம் ஆகியவற்றுடன் இசைக்குழுவினர் அமர்கின்றனர். அவர்களே பின்பாட்டும் பாடுகின்றனர். முன்புறமும் இருபக்கங்களும் பார்வையாளர்க்கு உரியவை. வேடதாரி திரைக்குப் பின்னிருந்து தோன்றிக் களத்தைச் சுற்றிவந்து ஆடுகிறார். கட்டியங்காரன் அரசனோடும் பேசுகிறான். அடுத்த நொடியே முன்வரிசைச் சிறுவனோடும் பேசுகிறான். ஆடுவோர், இசைப்போர், பார்ப்போர் என்னும் மூவரும் ஒருவரை ஒருவர் கவனித்து ஒருவருக்கொருவர் விடையிறுப்பதே கூத்து.

முன்புறம் நிறுத்திய ஒற்றைக் கேமரா, ஆடுவோரை முகம் காட்டிப் பதிவுசெய்யும்போது பார்வையாளரை இழக்கிறது. பார்வையாளரையும் சேர்த்துக் காட்டத் தொலைவுக்குச் சென்றால் முகபாவமும் விரலசைவும் தெரிவதில்லை. அருச்சுனன் தபசு இதற்குச் சிறந்த சான்று. உயர்ந்த தபசு மரத்தின்மேல் ஏறும் கலைஞர் பாடியவாறே மேலே செல்கிறார். மேலிருந்து எலுமிச்சம்பழம், விபூதி முதலியவற்றை வீசுகிறார். மரத்தடியில் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் காத்திருக்கின்றனர். மேலே நிகழ்வது நாடகம், கீழே நிகழ்வது வழிபாடு என்று பிரிக்க இயலாதவாறு இரண்டும் ஒரே கணத்தில் இணைகின்றன. அவ்விணைப்பை ஒரே கேமரா காட்டவியலாது.

ஆகவே குறைந்தது நான்கு கேமராக்கள் வேண்டும் எனலாம். முன்புறத்திலிருந்து களம் முழுவதையும் அசையாது காட்டும் கேமரா ஒன்று. ஆடுவோரைப் பின்தொடரும் அண்மைக் கேமரா ஒன்று. இசைக்குழுவை நோக்கியது ஒன்று. களத்தின் பக்கவாட்டிலிருந்து பார்வையாளரை நோக்கியது ஒன்று. இவற்றுள் முதலாவது விடியும்வரை இடம் மாறாமலும் நிறுத்தப்படாமலும் இருத்தல் வேண்டும். ஏனைய கேமராக்கள் எங்கே, எப்போது பார்த்தன என்பதை அறிய அதுவே அளவுகோலாகும்.

4. மண்டப மரபும் கூத்துப் பதிவும்

நான்கு கேமராக்களையும் அவற்றை இயக்குவோரையும் ஆய்வு மாணவர் எங்கிருந்து பெறுவர்? பெரும்பாலான கல்வித் துறைகளில் அத்தகைய வசதி இல்லை. உள்ளூரில் அது இருக்கும் இடம் திருமண மண்டபம்.

தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் அமைந்த கூடுவாஞ்சேரியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2019 நவம்பரில் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், சென்னையின் புறநகர்க்கும் கூத்து வழங்கும் ஊர்ப்புறத்துக்கும் இடைப்பட்டது. இத்தகைய புறநகர் மண்டபங்களில் இன்று திருமணம் பல கேமராக்களால் படமாக்கப்படுகிறது. மணமேடைக்கு எதிரே ஒன்று, தோளில் சுமந்து திரிவது ஒன்று, நீண்ட கையில் மேலெழும்பும் ஜிப் கேமரா ஒன்று என அவை அமைகின்றன. மண்டபத்தின் ஓரத்தில் மேசையிட்டு அமர்ந்த ஒருவர் அவற்றை ‘மிக்சிங்’ செய்து எல்இடி திரைக்கு அனுப்புகிறார். முகூர்த்த நேரத்தில் மேடையைக் கேமராக்காரர்கள் மறைத்துக்கொள்ள, எதிரே அமர்ந்திருப்போர் தாலி கட்டுவதைத் திரையில் காண்கின்றனர்.

கூத்தைப் பல கேமராவில் பதிய விரும்பும் ஆய்வாளர் இத்தகைய குழுவையே நாடவேண்டியுள்ளது. அவர்களின் திறன் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. கூட்டத்தினிடையே இடம்பிடித்தல், மின்தடையைச் சமாளித்தல், மணிக்கணக்கில் சோராது நின்று படமெடுத்தல் ஆகியவற்றில் அவர்கள் தேர்ந்தவர்கள். எனினும் அவர்தம் தொழில்மரபு சில வழக்கங்களைக் கூத்துக்களத்துக்கும் கொண்டுவருகிறது. முதலாவது, மிக்சிங் மேசையிலிருந்து வெளிவரும் ஒற்றைக் காட்சியை மட்டும் சேமித்தல். இரண்டாவது, ‘முக்கியமான’ பகுதிகளில் மட்டும் கேமராவை இயக்கி இடைப்பட்ட நேரத்தில் நிறுத்திவைத்தல். மூன்றாவது, அழகுக்காகக் காட்சிகளை முன்பின்னாக மாற்றித் தொகுத்தல். மணவீட்டாருக்கு இவை குறைகள் அல்ல. அவர்கள் வேண்டுவது நினைவுப்பேழை. ஆய்வாளர் வேண்டுவது சான்று. இவ்வேறுபாட்டைப் பதிவுக்கு முன்னரே எழுத்தில் தெளிவுபடுத்தாவிடின், விடிந்தபின் கையில் கிடைப்பது நினைவுப்பேழையாகவே இருக்கும்.

5. தொகுப்பில் திரியும் காலம்

தொகுத்த காணொலி எவ்வாறு ஆய்வு முடிவைத் திரிக்கக்கூடும் என்பதைத் துகிலுரிதல் பகுதியைக்கொண்டு விளக்கலாம். இப்பகுதி நிகழும்போது வேடதாரியோ பார்வையாளருள் ஒருவரோ ஆவேசம் கொள்வது கூத்தாய்வாளர் பலரும் குறிப்பிடும் செய்தி. அவ்வாறு நிகழ்கையில் இசை ஆவேசத்தை எழுப்புகிறதா, எழுந்த ஆவேசத்தை இசை பின்தொடர்கிறதா என்பது ஆய்வுலகில் பொருள்பொதிந்த வினா. விடையைப் பொறுத்து, பின்பாட்டுக்காரரின் பங்கு பற்றிய நம் கருத்தே மாறிவிடும்.

நான்கு கேமராக்கள் இயங்கும் ஒரு களத்தைக் கற்பனை செய்வோம். துச்சாதனன் சேலையைப் பற்றுவது இரண்டாம் கேமராவில் பதிவாகிறது. எட்டு நொடி கழித்து இடப்புறம் அமர்ந்த பெண் ஒருவர் உடல் நடுங்கி எழுவது நான்காம் கேமராவில் பதிவாகிறது. அதற்கு மூன்று நொடி கழித்து மிருதங்கக்காரர் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்துக் காலத்தைக் கூட்டுவது மூன்றாம் கேமராவில் பதிவாகிறது. நான்கு பதிவுகளையும் அருகருகே வைத்துக் காண்போர்க்கு வரிசை தெளிவு: ஆவேசம் முந்தியது, இசை பிந்தியது.

தொகுப்பாளரோ விறுவிறுப்புக் கருதி, துச்சாதனனுக்குப் பின் மிருதங்கக்காரரின் விரல்களையும் அதற்குப் பின் நடுங்கும் பெண்ணையும் வைக்கிறார். ஒலியோ முன்புறக் கேமராவிலிருந்து இடையறாது ஓடுவதால் காண்போர்க்கு ஐயம் எழுவதில்லை. இப்போது வரிசை தலைகீழாகிறது: இசை எழுப்பியது, ஆவேசம் எழுந்தது. இக்காணொலியை மட்டும் கண்ட ஆய்வாளர், “தாளத்தின் விரைவே ஆவேசத்தைத் தூண்டுகிறது” என்று எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. தம் முன் உள்ள சான்றையே சொல்கிறார். அச்சான்றுதான் மேசையில் மறுவரிசைப்படுத்தப்பட்டது. ஒரு மணி நேரம் முன்னர்ப் பதிவான பார்வையாளர் முகத்தை இங்கே இடைச்செருகினாலும் இதே விளைவு ஏற்படும்.

நீண்ட நிகழ்வைச் சுருக்கும் எந்தப் படத்துக்கும் இச்சிக்கல் உண்டு. கேரளத்தின் பாஞ்ஞாளில் 1975 ஏப்ரலில் 12 நாள் நடைபெற்ற அக்னிசயனச் சடங்கை ராபர்ட் கார்ட்னரும் ஃபிரிட்ஸ் ஸ்டாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆவணப்படமாக்கினர். எனினும் ஸ்டால் அதனோடு நின்றுவிடவில்லை. 1983இல் இரு பெருந்தொகுதிகளாக நூலையும், அதனுடன் ஒலிநாடாக்களையும் வெளியிட்டுச் சடங்கின் வரிசையைத் தனியே நிறுவினார். படம் அறிமுகமாக அமைந்தது. சான்றின் சுமையை நூலும் ஒலியும் சேர்ந்து தாங்கின.

6. சுவடியும் காட்சிப்பதிவும்

இச்சூழல் தமிழாய்வாளர்க்குப் புதியதன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது எதிர்கொண்டதும் பல சான்றுகளிலிருந்து ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் சிக்கலே. ஊர்தோறும் சென்று ஏடுகளைத் திரட்டினார், ஒப்புநோக்கினார், ஒன்றைத் தேர்ந்தார். தேராதவற்றை மறைக்காது பிரதிபேதமாகக் காட்டினார். அதனால்தான் அவர் தேர்வை ஏற்காத பிற்கால அறிஞரும் அவர் பதிப்பைக்கொண்டே அவரோடு வாதிட முடிகிறது. வாதிட இடந்தருவதே நல்ல பதிப்பின் இலக்கணம்.

இவ்வளவுகோலால் நோக்கினால் ஒவ்வொரு கேமராவின் பதிவும் ஒரு சுவடி, தொகுத்த காணொலி ஒரு பதிப்பு, தொகுப்பாளர் பதிப்பாசிரியர். ஏனைய பதிவுகளை அழித்துவிட்டுத் தொகுப்பை மட்டும் வைத்திருப்பது, அச்சேறியவுடன் ஏடுகளை ஆற்றில் விடுவதற்கு ஒப்பாகும். மிக்சிங் மேசையின் ஒற்றைப் பதிவு இதனினும் இடர் மிக்கது. அங்கே ஏனைய ஏடுகள் எழுதப்படவே இல்லை.

எனினும் ஒப்புமையை எல்லை கடந்து நீட்டலாகாது. சுவடிகள் காலத்தால் முன்பின்னானவை. ஒன்றைப் பார்த்து ஒன்று படியெடுக்கப்பட்டவை. ஆதலால் வேறுபாடு காணும் இடத்தில் ஏடெழுதுவோர் பிழையை ஐயுற்று, மூலபாடம் எதுவாக இருக்கும் என்று தேடுகிறோம். கேமராப் பதிவுகளோ உடன்காலத்தவை. முகவீணைக்காரரைக் காட்டும் பதிவும் பார்வையாளரைக் காட்டும் பதிவும் மாறுபடுவதற்குக் காரணம் பிழையன்று. அவை இருவேறு இடங்களைப் பார்த்தன. எனவே இங்கே பதிப்பாசிரியரின் பணி, பிழை களைந்து ஒரு மூலத்தை மீட்பதாகாது. எல்லாப் பதிவுகளையும் ஒரே காலக்கோட்டில் நிறுத்திக் காட்டுவதே ஆகும். சுவடிப் பதிப்பில் பாடத்தேர்வு பெறும் முதன்மையைக் காட்சிப் பதிப்பில் காலப்பொருத்தம் பெறுகிறது.

7. காலப்பொருத்தம்

இந்தியத் தொலைக்காட்சி மரபில் நொடிக்கு 25 சட்டகங்கள் பதிவாகின்றன. ஒரு சட்டகத்தின் அளவு 40 மில்லிநொடி. இன்று விற்கப்படும் கேமராக்களில் 24, 25, 30, 50, 60 என்னும் பல வேகங்கள் உள்ளன. நான்கும் ஒரே வேகத்தில் அமைக்கப்படாவிடின் பின்னர்ப் பொருத்துவது கடினம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், களத்து விளக்குகளின் துடிப்பு படத்தில் தெரியாதிருக்க 25 அல்லது 50 சட்டகமும் நொடியில் 50இல் ஒரு பங்குத் திறப்பும் ஏற்றவை.

ஒவ்வொரு கேமராவின் உட்கடிகாரமும் தனித்தே ஓடுகிறது. இரு கேமராக்களின் கடிகாரங்கள் இலட்சத்தில் இரண்டு பங்கு வேறுபட்டாலும் எட்டு மணி நேர முடிவில், அதாவது 28,800 நொடிகளின் முடிவில், வேறுபாடு ஏறத்தாழ 0.58 நொடியாகும். இது 14 சட்டகங்களுக்கு மேற்பட்டது. தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டிப் பொருத்திவிட்டு விடியும்வரை நம்பியிருத்தல் போதாது என்பதை இக்கணக்குக் காட்டும்.

ஒலியைக்கொண்டு பொருத்துவதிலும் ஒரு பொறி உண்டு. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. இசைக்குழுவுக்கு 35 மீட்டர் பின்னால், கூட்டத்தின் கடைசியில் நிற்கும் கேமரா மிருதங்க ஒலியை ஏறத்தாழ 0.1 நொடி தாமதித்தே கேட்கிறது. அவ்வொலியை அருகிலுள்ள கேமராவின் ஒலியோடு ஒன்றச்செய்தால், படம் இரண்டு மூன்று சட்டகங்கள் முன்தள்ளப்படும். ஊர்க்காட்சிக்கு இது பொருட்டன்று. காலடி தாளத்தின் மேல் விழுகிறதா, சற்றே முந்துகிறதா என்று ஆராயும் அடவாய்வுக்கு இது பெரும்பிழை. ஒளியோ இத்தொலைவுகளில் தாமதிப்பதில்லை. ஆகவே நான்கு கேமராக்களும் காணுமாறு ஒரு ஃபிளாஷ் விளக்கைத் தொடக்கத்திலும் ஒரு மணிக்கு ஒருமுறையும் இறுதியிலும் ஒளிரச்செய்து அதனைக்கொண்டு பொருத்துதல் நன்று. ஒளிரும் கணம் கூத்துக்கு இடையூறாகாதவாறு பாத்திரம் மாறும் இடைவெளியில் அமையவேண்டும். வசதியுள்ளோர் கேமராக்கள் அனைத்துக்கும் பொது நேரக்குறி வழங்கும் கருவியைப் பயன்படுத்தலாம்.

நிழற்படக் கேமராக்களைக் காணொலிக்குப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். அவற்றுள் பல, 29 நிமிடம் 59 நொடிகளில் தாமாகவே பதிவை நிறுத்திவிடுபவை. நான்கும் ஒரே நேரத்தில் நின்றுவிடாதவாறு ஒவ்வொன்றையும் சில நிமிடம் இடைவிட்டுத் தொடங்குதல் எளிய தீர்வு.

8. சேமிப்பும் பதிவேடும்

அனைத்தையும் சேமித்தல் இயலுமா என்பது நியாயமான ஐயம். நொடிக்கு 50 மெகாபிட் அளவில் பதியும் கேமரா, எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 180 ஜிகாபைட் இடம் கொள்ளும். நான்கு கேமராக்களுக்கு 720 ஜிகாபைட். வேறு வேறு இடங்களில் வைக்க இரு படிகள் எனின் ஓர் இரவுக்கு 1.44 டெராபைட், பத்து இரவு விழாவுக்கு 14.4 டெராபைட். ஆய்வு மாணவர் ஒருவர் தம் கைப்பணத்தில் தாங்கத்தக்க அளவு இதுவன்று. எனவே, இதனைத் தனியாள் பொறுப்பாக விடாமல் துறையும் நூலகமும் ஏற்கவேண்டும். 1994இல் நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அச்சுநூல்களுக்கும், 1982இல் தொடங்கப்பெற்ற குருகிராமத்து இன இசையியல் ஆவண மையம் ஒலிப்பதிவுகளுக்கும் செய்துவரும் பணி, இத்தகைய பொறுப்பு நிறுவனங்களால் ஏற்கத்தக்கதே என்பதை மெய்ப்பிக்கிறது. இடமின்மையால் குறைத்தே ஆகவேண்டுமெனின், கேமராக்களைக் கைவிடாமல் படத்தரத்தைக் குறைத்து நான்கையும் வைத்திருத்தல் சான்றுக்கு நல்லது.

பதிவுகளுடன் ஒரு பதிவேடும் இணைந்திருத்தல் வேண்டும். பதிப்புரை இல்லாத பதிப்புப்போல, பதிவேடு இல்லாத கோப்பு பிறர்க்குப் பயன்படாது. அதில் இடம்பெற வேண்டியவை:

1. ஊர், கோயில், நாள், நாடகத்தின் பெயர், குழுவினர் விரும்பும் முறையில் அவர்தம் பெயர்.
2. களத்தின் வரைபடம்: கோயில் இருக்கும் திசை, இசைக்குழு அமர்ந்த இடம், ஒவ்வொரு கேமராவின் இடமும் உயரமும் இசைக்குழுவிலிருந்து அதன் தொலைவும்.
3. ஒவ்வொரு கேமராவும் தொடங்கிய, நின்ற, இடம் மாறிய நேரங்கள்.
4. ஒளிக்குறி காட்டிய நேரங்கள்.
5. தொகுத்த காணொலி உருவாக்கப்பட்டிருப்பின், அதன் ஒவ்வொரு வெட்டும் எந்தக் கேமராவின் எந்த நேரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்னும் பட்டியல். தொகுப்பு மென்பொருள்கள் இப்பட்டியலைத் தாமே தரவல்லவை.

இவ்வாறு அமையின் மேற்கோள் முறையும் எளிதாகும். “காணொலியில் காண்க” என்பதற்கு மாற்றாக, “கேமரா 3, 04:12:35” என்று எழுதலாம். படிப்போர் அதே நொடியில் கேமரா 4 காட்டுவதையும் கண்டு, கட்டுரையாளரின் கூற்றைச் சரிபார்க்கவோ மறுக்கவோ இயலும்.

9. களத்தாரின் இசைவு

பல கேமராக்கள் சான்றைப் பெருக்குவதோடு, பார்க்கப்படுவோரின் மீதான பார்வையையும் பெருக்குகின்றன. எதிரே நிற்கும் கேமராவைக் கலைஞர் அறிவார். பக்கவாட்டிலிருந்து தம்மை நோக்கும் கேமராவைப் பார்வையாளர் அறியாதிருக்கலாம். ஆவேசம் கொண்டு எழும் பெண்ணோ, தபசு மரத்தடியில் பிள்ளைவரம் வேண்டிக் கிடக்கும் பெண்ணோ ஆய்வுக்காக அங்கு வரவில்லை. கோயில் நிர்வாகத்தினரிடம் பெற்ற இசைவு அப்பெண்ணின் இசைவாகிவிடாது. ஆகவே நான்காம் கேமரா எங்கே நிற்கும், எதைப் பார்க்கும் என்பதை விழாத் தொடக்கத்திலேயே ஊரார் அறியச் செய்தல் வேண்டும். அண்மைக் காட்சியைத் தவிர்த்து, ஆளை அடையாளம் காணாது அசைவை மட்டும் அறியும் தொலைவில் நிறுத்தல் தக்கது. தனிப் பதிவுகள் அனைத்தையும் பேணுக என்று வாதிடும் இக்கட்டுரை, அனைத்தையும் பொதுவெளியில் இடுக என்று வாதிடவில்லை. பேணுவது வேறு, வெளியிடுவது வேறு.

கேமராவின் இடத்தைக் கூத்து வாத்தியாரோடு கலந்து முடிவுசெய்தல் மரியாதை மட்டுமன்று, முறையியல் தேவையும் ஆகும். வேடதாரி எங்கிருந்து வருவார், எந்தப் பாட்டில் களத்தைச் சுற்றுவார், எங்கே கூட்டத்தினுள் இறங்குவார் என்பதை அவரே அறிவார். கேமராக்காரர் களத்தினுள் புகுந்தால் ஆட்டத்தின் சுற்று குறுகும். முன்வரிசையை மறைத்தால் கட்டியங்காரனுக்கு எதிர்ச்சொல் சொல்வோர் இல்லாமற்போவர். அப்போது பதிவாவது கேமராவுக்காக ஆடப்பட்ட கூத்தாகவே இருக்கும். விழா முடிந்தபின் பதிவுகளின் ஒரு படியைக் குழுவினர்க்கு அளித்தலும் பதிவாளரின் கடமை. அதனைப் பார்த்து அவர்கள் சொல்லும் திருத்தங்கள் பதிவேட்டில் சேர்க்கத்தக்க முதன்மையான குறிப்புகளாகும்.

10. முடிவுரை

பல கேமராக்களை நிறுத்துவதனால் மட்டும் கூத்து முழுமையாகப் பதிவாகிவிடாது. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைக் கைவிடும் கணத்தில் பல கேமராப் பதிவும் ஒற்றைக் கேமராப் பதிவாகவே சுருங்குகிறது. மேலும், எல்லாவற்றையும் கண்டுவிட்டோம் என்னும் மயக்கத்தையும் அது தருகிறது. தனிப் பதிவுகளைப் பேணுதல், ஒளிக்குறியால் காலம் பொருத்துதல், பதிவேடு இணைத்தல், கேமரா எண்ணும் நேரமும் சுட்டி மேற்கோள் காட்டல் ஆகிய நான்கும் கைக்கொள்ளப்பட்டால், கூத்துக் காணொலி பதிப்பித்த நூலுக்கு இணையான சான்றுத் தகுதி பெறும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவுக் கருவிகள் தேவையில்லை. கூடுவாஞ்சேரி போன்ற ஊர்களில் திருமணங்களைப் படமாக்கும் குழுவினரிடம் உள்ள கேமராக்களும் திறனும் போதுமானவை. அவர்களிடம், மிக்சிங் மேசையின் வெளியீட்டோடு ஒவ்வொரு கேமராவின் நினைவட்டையும் அழிக்காமல் தருமாறு முன்கூட்டியே கேட்டுப் பெறுவதே முதல் தேவை. ஆய்வேடுகளை மதிப்பிடுவோர், காணொலிச் சான்று இணைக்கப்படும் இடத்தில் பதிவேடு உள்ளதா என்று கேட்கத் தொடங்கினால் இவ்வொழுங்கு துறைக்குள் விரைவில் நிலைபெறும்.